இரண்டு முறை நீந்தியவன்

கடற்படை அகாடமியில் ஒரே நாளில் சேர்ந்து ஒன்றாகப் பயிற்சி பெற்றவர்களை ஒரு கோர்ஸ் என்பார்கள். எங்கள் கோர்ஸ் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஏதாவது ஓர் ஊரில் கூடும். எல்லோருக்கும் எழுபது தாண்டிவிட்டது. சின்னம் அச்சிட்ட டீ-ஷர்ட், அதே சின்னத்தோடு தொப்பி, மூன்று நாள் ஓட்டல் வாசம், ஒரு கோயில், ஒரு பிக்னிக். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு அன்பாகத் தெரியும். யார் கைக்குத் தடி வந்திருக்கிறது, யாருக்குப் பேச்சுக் குழறுகிறது, யார் இந்த முறை வரவில்லை என்று ஒருவரை ஒருவர் நோட்டம் பார்க்கிற கூட்டம் அது. வைஸ் அட்மிரலாக ஓய்வு பெற்றவன் நடு நாற்காலியில் உட்காருவான். கேப்டனோடு நின்றுபோனவர்கள் அவன் ஜோக்குக்கு முதலில் சிரிப்பார்கள். கமாண்டரோடு நின்றுபோன நான் செயலாளர். வாட்ஸ்அப் குழு, முகவரிப் பட்டியல், அறைகள், யாருக்கு உப்பில்லாத சாப்பாடு என்பதெல்லாம் என் பொறுப்பு. இருபத்தாறு வருடம் அதைச் செய்து, தன்னலமில்லாதவன் என்று பேர் வாங்கினேன். பட்டியல் என் கையை விட்டுப் போகக்கூடாது என்பதற்காகத்தான் செய்தேன். அதில் ஒருவன் வராமல் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது.

பயிற்சியை முடித்து அதிகாரியானவர்கள் மட்டுமே கோர்ஸ்காரர்கள் என்ற விதியை எழுதியவன் நான். பாதியில் அனுப்பப்பட்டவர்கள் மூன்று பேர். மற்ற இருவரும் சீக்கிரமே செத்துப்போனார்கள். ஆகவே அந்த விதி ஒரே ஒருவனுக்காக எழுதியதுபோல் ஆகிவிட்டது. உண்மையில் ஒருவனுக்காகத்தான் எழுதினேன்.

கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. பிக்னிக் நாளில், சாப்பாட்டுக்கு முன், கதை நேரம். ஒவ்வொருவனுக்கும் அகாடமி நாட்களிலிருந்து ஒரு கதை சொந்தம். அதை அவன்தான் சொல்ல வேண்டும். போன முறை சொன்னதுபோலவே சொல்ல வேண்டும். எதையாவது மாற்றினால் மற்றவர்கள் தட்டில் ஸ்பூனால் தட்டி நிறுத்துவார்கள். முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். சிரிக்க வேண்டிய இடம் எல்லோருக்கும் மனப்பாடம். கடைசி வரியை எல்லோரும் சேர்ந்து சொல்வார்கள்.

என் கதைதான் கோர்ஸிலேயே பேர்போன கதை. எங்களோடு நீச்சல் பெருமை பிடித்த ஒருவன் இருந்தான். நீச்சல் பரீட்சை நாளில் நான் காய்ச்சலில் படுத்திருந்தபோது, அவன் தன் பரீட்சையை முடித்துவிட்டு, என் எண் போட்ட தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு எனக்காகவும் குதித்து நீந்தினான். பிடிபட்டதும் நான்தான் அனுப்பினேன் என்று பொய் சொன்னான். எதற்கடா இரண்டு முறை நீந்தினாய் என்று விசாரணை நடத்திய கேப்டன் கேட்டார். "முதல் தடவை சரியாக நனையவில்லை, சார்." இதுதான் அந்தக் கடைசி வரி. பத்தொன்பது கிழவர்களும் அவர்கள் மனைவிமாரும் ஒரே குரலில் சொல்வார்கள்.

அவன் அப்படி எதுவும் சொல்லவில்லை. அந்த வரி நான் போட்டது.

நடந்ததைச் சொல்கிறேன். அந்தக் கோர்ஸில் திருச்சிக்காரர்கள் நாங்கள் இருவர். நான் ஸ்ரீரங்கத்தில் வைஷ்ணவக் குடும்பம். அவன் பாலக்கரையில் ராவுத்தர் வீட்டுப் பிள்ளை; அப்பா சின்னதாக ஓர் இரும்புச் சாமான் கடை வைத்திருந்தார். ஊரில் இருந்திருந்தால் எங்கள் இரு வீட்டுக்கும் பேச்சுவார்த்தையே இருந்திருக்காது. அங்கே, மொட்டையடித்த பிறகு, நாங்கள் இரண்டு கறுப்பு மதராஸிகள். ஒரே உயரம், ஒரே ஒல்லி. நீச்சல் பயிற்சியாளர் கடைசிவரை எங்களைப் பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொள்ளவில்லை. அவன் செய்த தப்புக்கு என்னை ஓடவிட்டார். எனக்கு வந்த பாராட்டை அவனுக்குச் சொன்னார். நாங்கள் அதை வைத்தே நிறையச் சிரித்திருக்கிறோம்.

எனக்கு நீந்த வராது. இரண்டு ஆற்றுக்கு நடுவில் பிறந்தவன், தண்ணீரில் இறங்கினால் மரக்கட்டை மாதிரி விறைத்துப்போவேன். அவன் ஓடத்துறையில் காவிரி புரண்டு ஓடுகிறபோது குதித்துக் கரையேறியவன். தீவில் பிறந்துவிட்டு நீந்தத் தெரியாத ஒரே ஜீவன் நீதான் என்று என்னைக் கிண்டல் செய்வான். பரீட்சையில் இரண்டாம் முறையும் தோற்றால் ஒரு டெர்ம் பின்தள்ளிவிடுவார்கள். ஆறு மாதம் ஜூனியர்களோடு உட்கார வேண்டும். நான் ஒருமுறை தோற்றிருந்தேன். இரண்டாவது பரீட்சைக்கு முதல் நாள், எனக்காக நீந்து என்று அவன் காலைப் பிடிக்காத குறையாகக் கேட்டேன். நமக்குள் வித்தியாசம் தெரியாத ஆள்தானே என்று நான்தான் யோசனை சொன்னேன். அவன் சிரித்துக்கொண்டு ஒப்புக்கொண்டான். மறுநாள் காலை நான் காய்ச்சல் என்று சிக்-பேயில், அதாவது எங்கள் சின்ன ஆஸ்பத்திரியில், போய்ப் படுத்துக்கொண்டேன்.

மோசமாக நீந்து, நான் நீந்துகிற மாதிரி நீந்து என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன். அவனால் மோசமாக நீந்த முடியவில்லை. உயரப் பலகையிலிருந்து குதித்தபோதே உடம்பு கோணாமல் கத்திபோல் இறங்கினானாம். போன மாதம் நடுக் குளத்தில் மூங்கிலை நீட்டி இழுத்துப்போட்ட ஆள் இவனா என்று பயிற்சியாளர் கரையில் நிறுத்தி, என் எண் போட்ட தொப்பியைக் கழற்றிப் பார்த்துப் பேரைக் கேட்டார். அவன் தன் பேரைச் சொல்லிவிட்டான்.

மறுநாள் விசாரணை. இரண்டு பேரும் உண்மையைச் சொல்லிவிடுவது என்று முதல் நாளே பேசி வைத்தோம். ஏமாற்றினால் ஒரு டெர்ம் போகும். பொய் சொன்னால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். இதுதான் அகாடமிச் சட்டம், முதல் நாளே சொல்லிக்கொடுப்பார்கள். அவன் முதலில் உள்ளே போனான். நடந்ததை நடந்தபடி சொன்னான். அடுத்து நான் போனேன். உனக்கு இது தெரியுமா என்று கேப்டன் கேட்டார். தெரியாது, சார், நான் சிக்-பேயில் இருந்தேன் என்றேன். சிக்-பே பதிவேட்டில் என் பேர் இருந்தது. உடம்பு சரியில்லாதவன் அடுத்த வாரம் நீந்திக்கொள்ளலாம், அவனுக்கு எதற்கு ஆள்மாறாட்டம் என்று அவர்களுக்குத் தோன்றியிருக்க வேண்டும். உண்மை சொன்னவன் பொய்யன் ஆனான். நான்கு நாளில் பெட்டியோடு ரயிலேற்றிவிட்டார்கள். நான் ஸ்டேஷனுக்குப் போகவில்லை.

அடுத்த மாதமே நான் அந்தப் பரீட்சையில் தட்டுத்தடுமாறி நானாகவே நீந்தித் தேறினேன். பயத்தில் கற்றுக்கொண்டேன்.

ஓய்வுக்குப் பிறகு ஸ்ரீரங்கத்துக்கே வந்து அடுக்குமாடியில் ஒரு வீடு வாங்கினேன். அவனும் வளைகுடாவிலிருந்து திரும்பிப் பாலக்கரையில்தான் இருக்கிறான் என்பது எனக்குத் தெரியும். பன்னிரண்டு வருடமாக நான் அந்தப் பக்கம் போனதில்லை. ஜங்ஷனுக்குப் போகிற பஸ் பாலக்கரை வழியாக என்றால் அடுத்த பஸ்ஸுக்கு நிற்பேன்.

இந்த முறை கூட்டம் திருச்சியில் என்று முடிவானது. நான் சொன்ன சாக்குப்போக்குகள் எடுபடவில்லை. கோர்ஸில் ஒரு பஞ்சாப்காரன் உண்டு. அவனுக்குத் தெரிந்த கப்பல் பைலட் ஒருவர், வளைகுடாத் துறைமுகத்தில் இழுவைப்படகு ஓட்டிய திருச்சிக்காரர் ஒருவர் நம் அகாடமிப் பாட்டை முழுசாகப் பாடினார் என்று சொல்லியிருக்கிறார். அது யார் என்று பஞ்சாப்காரனுக்குப் புரிந்துவிட்டது. உடனே எனக்குப் போன் செய்தான். அவன் உன் ஊரில்தானே இருக்கிறான், நேரில் போய்க் கூப்பிடு, ஐம்பது வருடத்துக்கு அப்புறமும் என்ன விதி என்றான். சரி என்றேன். பாலக்கரை ரவுண்டானா வரை ஆட்டோவில் போனேன். ஒரு டீ குடித்தேன். அதே ஆட்டோவில் திரும்பினேன். போனேன், வாசலிலேயே நிறுத்திவைத்துத் திட்டினான், நம் யார் முகத்திலும் விழிக்க மாட்டானாம் என்று பஞ்சாப்காரனுக்கு எழுதினேன். அவனைப் பற்றி நான் சொன்ன இரண்டாவது பெரிய பொய் அது. முதல் பொய்யையாவது பத்தொன்பது வயதில் சொன்னேன்.

பஞ்சாப்காரன் கூட்டத்துக்கு ஒரு நாள் முன்னதாகவே வந்துவிட்டான். எனக்குச் சொல்லவில்லை. அவனாகவே விசாரித்துக்கொண்டு பாலக்கரைக்குப் போயிருக்கிறான்.

மறுநாள் பகல் பன்னிரண்டு மணிக்கு எங்கள் வீட்டு மணி அடித்தது. லிஃப்ட் ரிப்பேர். மூன்று மாடி ஏறி வந்தவன் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். வெள்ளைத் தாடி. முகத்தை அடையாளம் காண எனக்கு ஒரு நொடிகூடத் தேவைப்படவில்லை.

"கமாண்டர் சார் வீடு இதுதானேங்க?"

"டேய்" என்றேன்.

"டேய்லாம் வேணாங்க. ஆபீசர்களும் மத்தவங்களும் அப்படிப் பேசிக்கிறது வழக்கமில்லீங்களே."

உள்ளே வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்தான். என் மனைவி மோர் கொண்டுவந்து வைத்தாள். அவளிடம் மட்டும் நல்லபடியாகச் சிரித்தான். குடிக்கவில்லை.

"சர்தார் நேத்து வந்தாரு. நான் உங்களை வாசல்ல நிறுத்தித் திட்டி அனுப்பிச்சேனாமே? அன்னிக்கு நான் என்ன சட்டை போட்டிருந்தேன்னு சொல்லுங்க, தெரிஞ்சுக்கறேன்."

மோர் டம்ளரை அவன் பக்கம் நகர்த்தி வைத்தேன்.

"அந்தக் கதையும் சொன்னாரு. சரியா நனையலைன்னு நான் சொன்னேனாம். நல்லாத்தான் இருக்கு, எனக்கே சிரிப்பு வந்துருச்சு. அது உங்க சரக்கா, வேற யாராச்சும் சேத்ததா?"

"நான் சேர்த்ததுதான்."

"அதானே. மத்தவனுங்களுக்கு அவ்வளவு மூளை கிடையாது."

மன்னிப்புக் கேட்டேன். அந்த வார்த்தையை நான் முடிப்பதற்குள் கையைக் காட்டி நிறுத்தினான்.

"அதுக்கு வரலீங்க. அகாடமியிலேர்ந்து எங்க அத்தாவுக்கு ஒரு கடுதாசி வந்துச்சு. இங்கிலீஷ்ல. அத்தாவுக்குப் படிக்கத் தெரியாது. மகன் ஆபீசராயிட்டான்னுதான் கடுதாசின்னு நெனச்சு, தெருவுல வச்சு, ஸ்கூல் வாத்தியார் ஒருத்தரைக் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னாரு. எல்லாரும் கேட்டாங்க. 'உங்கள் மகன் பொய் சொன்னதற்காக.' அப்புறம் மவுத்தாகற வரைக்கும் நான் சொன்னது எதையும் அவரு ஒரு தடவைல நம்பினதில்லை. மணி என்னன்னு என்கிட்ட கேப்பாரு. சொல்லுவேன். அடுத்து வர்ற ஆள்கிட்டயும் கேட்டுக்குவாரு."

உனக்கு நான் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டேன்.

"நாளன்னிக்கு முக்கொம்புல சாப்பாடாமே. சர்தார் என்னைக் கூப்பிட்டிருக்காரு. அங்க அந்தக் கதையைச் சொல்லுங்க. நடந்த மாதிரி சொல்லுங்க. நான் சொன்னா எவன் நம்புவான்? பொய் சொன்னதுக்காக அனுப்பினவன் நான். அது உங்க வாயால வரணும்."

"சொல்லாவிட்டால்?" என்று கேட்டேன். கேட்டுவிட்டேன்.

"சொல்லாட்டி ஒண்ணும் பண்ண மாட்டேங்க. என்ன பண்ண முடியும்? சாப்பிட்டுட்டு வந்துருவேன்."

எழுந்தான். சுவரில் நான் பணியாற்றிய போர்க்கப்பலின் படம் மாட்டியிருந்தது. அதன் அருகில் போய் நின்று பார்த்தான். இதில் எத்தனை வருடம் இருந்தீர்கள் என்று கேட்டான். பதினொரு மாதம் என்றேன். மீதி வருடங்கள் எல்லாம் கிடங்கும் கோப்புமாக, கரையில்தான் போயின.

"நான் டக்ல, இழுவைப்படகுல, இருபத்தேழு வருஷம்" என்றான். "போயிட்டு வரேம்மா" என்று என் மனைவியிடம் சொல்லிக்கொண்டு படி இறங்கினான். என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை.

மனைவி மோர் டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனவள், திரும்பி வந்து என் எதிரில் உட்கார்ந்தாள். அவளுக்கு எல்லாவற்றையும் சொன்னேன். கல்யாணமான நாற்பத்தைந்து வருடத்தில் முதல் முறை. அவள் அழவில்லை, கத்தவில்லை.

"ஒவ்வொரு தடவையும் கடைசி வரியை நானும் சேர்ந்து சொல்லியிருக்கேன்" என்றாள். "பக்கத்துல உக்காந்து, கை தட்டி. என்னையும் சேத்து வச்சுண்டுன்னா பண்ணிருக்கேள். நாளன்னிக்கு நான் வரலை. நீங்களே போய்ச் சொல்லிட்டு வாங்கோ."

இடையில் ஒரு நாள் இருந்தது. எல்லோரையும் பஸ்ஸில் ஏற்றிப் பெருமாள் சேவைக்குக் கூட்டிப்போனேன். வரிசையில் வைஸ் அட்மிரலுக்குக் கால் வலித்ததால் நாற்காலி தேடி ஓடினேன். சந்நிதியில் நின்றபோது, கும்பிடுவதை விட்டுவிட்டு, எப்படித் தப்பலாம் என்றுதான் யோசித்தேன். நெஞ்சு வலி என்று தில்லை நகரில் ஏதாவது ஆஸ்பத்திரியில் போய்ப் படுத்துவிடலாமா என்று தோன்றியது. அந்த யோசனை எவ்வளவு சுலபமாக, எவ்வளவு பழக்கத்தோடு வந்தது என்பதைக் கவனித்துப் பயந்தேன்.

முக்கொம்பில், காவிரியும் கொள்ளிடமும் பிரிகிற மதகுப் பாலத்துக்கு இப்பால், மரத்தடியில் சாமியானா போட்டிருந்தோம். ஆற்றில் தண்ணீர் நிறைய. மதகு இரைச்சலில் எல்லோரும் சற்று உரக்கப் பேசினார்கள். அவன் பஞ்சாப்காரனோடு ஆட்டோவில் வந்து இறங்கினான். இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டை, புது செருப்பு. யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. பஸ் கம்பெனி ஆள் என்று நினைத்து ஒருவன் குடிதண்ணீர் கேன் எங்கே என்று அவனிடம் கேட்டான். என் நண்பர், பிறகு சொல்கிறேன் என்று பஞ்சாப்காரன் எல்லோரிடமும் சொல்லி, ஓரத்தில் ஒரு நாற்காலி போட்டு அவனை உட்காரவைத்தான்.

நான்கைந்து கதைகள் முடிந்து என் முறை வந்தது. எங்கள் கூட்டத்தில் எல்லாமே ஆங்கிலத்தில்தான் நடக்கும். எழுந்து நின்று வழக்கமாக ஆரம்பிக்கிற மாதிரியே ஆரம்பித்தேன். எங்களோடு நீச்சல் பெருமை பிடித்த ஒருவன் இருந்தான் என்றதுமே சிரிப்பு கிளம்பியது. அங்கே நிறுத்தி, அவனுக்குப் பெருமை எதுவும் இல்லை, எனக்காக நீந்தும்படி நான்தான் அவனைக் கெஞ்சினேன் என்றேன்.

ஸ்பூன்கள் தட்டில் விழுந்தன. மாற்றுகிறான், மாற்றுகிறான், முதலிலிருந்து சொல் என்று கூச்சல். மறுபடி ஆரம்பித்தேன். அதே இடத்தில் மறுபடி தட்டினார்கள். இவனுக்கு மறதி வந்துவிட்டது என்று ஒருவன் சொல்ல, பெண்கள் பக்கத்திலிருந்து பெரிய சிரிப்பு வந்தது. மூன்றாவது முறை நான் தட்டுச் சத்தத்துக்கு மேலாகக் கத்திக்கொண்டிருந்தேன். அவர்கள் எனக்காகக் காத்திராமல் கடைசி வரியைச் சேர்ந்து சொல்லி முடித்துக் கை தட்டிவிட்டார்கள். "முதல் தடவை சரியாக நனையவில்லை, சார்." அதைச் சொன்னதாகச் சொல்லப்பட்டவன் பத்தடி தள்ளி உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தான். அவன் முகத்தை அப்போது பார்த்தேன். இனி பார்க்காமல் இருக்க வழியில்லை.

பஞ்சாப்காரன் மேஜையில் ஓங்கி ஓர் அறை அறைந்தான். இவன் சொல்லி முடிக்கிறவரை எவன் தட்டாவது சத்தம் போட்டால் தூக்கி ஆற்றில் எறிவேன் என்றான். அதன் பிறகு மதகு இரைச்சல் மட்டும்தான்.

சொன்னேன். அவனை நான்தான் அனுப்பினேன். எனக்குக் காய்ச்சல் வந்ததால் சிக்-பேயில் இருந்தேன். உண்மையைச் சொல்வதாகப் பேசிவைத்துவிட்டு, கேப்டன் முன்னால் தெரியாது என்றேன். அவன் சொன்னது ஒவ்வொரு வார்த்தையும் உண்மை. நனையவில்லை என்ற வரி என் கற்பனை. அவன் இதோ உட்கார்ந்திருக்கிறான்.

எல்லோரும் திரும்பினார்கள். அவன் எழுந்து விறைப்பாக நின்றான், அந்த வயதில் எங்களில் யாராலும் அப்படி நிற்க முடியவில்லை. சுத்தமான ஆங்கிலத்தில், கேப்டனிடம் அன்று நான் சொன்னதைத்தான் இவர் இன்று சொன்னார் என்றான். அவ்வளவுதான் பேசினான்.

யாராவது போய் அவனைக் கட்டிக்கொள்வார்கள் என்று நினைத்தேன். என்னைத் திட்டுவார்கள் என்றாவது நினைத்தேன். வைஸ் அட்மிரல் தொண்டையைச் செருமிக்கொண்டு, அந்த வயதில் நாம் எல்லோருமே முட்டாள்கள்தான், நல்லவேளை இருவரும் நன்றாக இருக்கிறீர்கள், சாப்பாடு ஆறுகிறது என்றான். ஓர் அம்மாள் பேச்சை மாற்றி மீன் எந்த ஆற்று மீன் என்று விசாரித்தாள். எவனோ எழுந்துபோய் மிச்சமிருந்த தொப்பிகளில் ஒன்றைக் கொண்டுவந்து அவன் கையில் கொடுத்தான். அவன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். உள்பக்கத் துணியைக்கூடப் பார்த்தான். பிறகு நாற்காலியில் வைத்துவிட்டு நடந்தான். பஞ்சாப்காரனும் கூடவே போனான். நான் பின்னால் போக எழுந்தபோது, நீ உட்கார் என்பதுபோல் பஞ்சாப்காரன் விரலைக் காட்டினான்.

கூட்டம் கலைந்து பத்து நாள் குழுவில் படங்களாகப் போட்டுக்கொண்டிருந்தார்கள். கோயில், ஓட்டல், ஆறு. கதை நேரத்தின் படம் ஒன்றுகூட இல்லை. பிறகு வைஸ் அட்மிரல் போன் செய்தான். இப்படிப்பட்டதைத் தனியாக என்னிடம் சொல்லியிருக்கலாம், பெண்களுக்கு மனசு கஷ்டமாகிவிட்டது, அடுத்த முறையிலிருந்து செயலாளர் வேலையைச் சின்னவன் யாராவது பார்க்கட்டும் என்றான். எங்களில் சின்னவனுக்கு எழுபத்திரண்டு. பொய் சொன்னதற்காக அவர்கள் யாருக்கும் என்மேல் கோபமில்லை. கதையைக் கெடுத்ததற்குத்தான் கோபம். அவர்களை அப்படிப் பழக்கியவனும் நான்தான் என்பதால் எனக்குப் பேச வாயில்லை.

அதற்கு மறுநாள் பாலக்கரைக்குப் போனேன். இந்த முறை ரவுண்டானாவில் நிற்கவில்லை. எதற்குப் போனேன் என்று கேட்டால், ஒரு நல்ல வார்த்தை கிடைக்கும் என்றுதான். கேட்டதைச் செய்துவிட்டேன் அல்லவா என்கிற நினைப்பு எனக்குள் இருந்தது.

கதவைத் திறந்தது அவன் மனைவி. முக்காடு போட்ட, மெலிந்த அம்மாள். நான் யார் என்று சொல்ல வேண்டியிருக்கவில்லை. உள்ளே வாருங்கள் என்று சொல்லவுமில்லை. வாசற்படிக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவர்.

"முக்கொம்புல சொல்லிட்டீங்களாம்" என்றார்.

"சொல்லிட்டேங்க."

"இங்கிலீஷ்ல சொன்னீங்களாம்."

ஆமாம் என்றேன்.

"எங்க மாமனாருக்கு வந்த கடுதாசியை இந்தத் தெருவுல தமிழ்லதான் படிச்சுச் சொன்னாங்க. நான் கட்டிக்கிட்டு வந்தப்ப, பொய் பேசி வேலை போனவன் பொண்டாட்டின்னு இங்க தமிழ்லதான் சொன்னாங்க. எங்க மகளைப் பொண்ணு கேக்க வந்தவங்ககிட்டயும் தமிழ்லதான் சொன்னாங்க. இங்க நின்னு தமிழ்ல சொல்லுங்க. நான் கேக்கணும்."

எதிர்வீட்டில் ஒரு பெண் துணி உலர்த்திக்கொண்டிருந்தார். பக்கத்துக் கடையில் இரண்டு பேர் நின்றார்கள். அந்த அம்மாள் குரலைத் தாழ்த்தவில்லை. நானும் தாழ்த்தக்கூடாது என்பது புரிந்தது. சொல்ல ஆரம்பித்தேன். எனக்கு வந்த பயம், அவனைக் கெஞ்சியது, எல்லாம். அந்நேரம் அவன் உள்ளறைக் கதவருகே வந்து நின்றான். பனியனும் கைலியுமாக, கையில் மடித்த பேப்பரோடு. நான் நிறுத்தவில்லை. எனக்குக் காய்ச்சல் வந்து சிக்-பேயில் படுத்திருந்தேன் என்று சொன்னேன்.

"காய்ச்சல் எங்க வந்துச்சு?" என்றான் அங்கிருந்தே. என்னிடம் சொல்லவில்லை, தன் மனைவியிடம் சொன்னான். "வெங்காயம். கக்கத்துல ரெண்டு பக்கமும் வெங்காயத்தை வச்சுக்கிட்டுப் படுத்திருந்தான். சமையல்கட்டுலேர்ந்து எடுத்துக் குடுத்தவனே நான்தான்."

இதை எழுதும்போது மேலே எழுதியதைப் புரட்டிப் பார்க்கிறேன். அங்கேயும் காய்ச்சல் என்று போய்ப் படுத்துக்கொண்டேன் என்றுதான் எழுதியிருக்கிறேன். முக்கொம்பில் அத்தனை பேர் முன்னால் சொன்னபோதும் காய்ச்சல் என்றேன். திருத்தாமல் அப்படியே விட்டுவைக்கிறேன். குற்றத்தை ஒப்புக்கொள்கிறபோதே அதில் ஒரு மூலையைச் செதுக்கி எனக்கு வசதியாக வைத்துக்கொண்டிருக்கிறேன் என்பது தெரியட்டும்.

அந்த வெங்காயத்துக்கு ஒரு காரணம் உண்டு. குளத்தருகே இரண்டு பேரும் ஒன்றாகக் கண்ணில் படக்கூடாது என்பதற்காக என்று அவனிடம் சொல்லியிருந்தேன். அவனும் அப்படித்தான் நம்பினான். முழு உண்மை அது இல்லை. மாட்டிக்கொண்டால் பதிவேட்டில் என் பேர் இருக்கட்டும் என்றுதான் போய்ப் படுத்தேன். விசாரணையில் பயந்துபோய் வாய் தவறிப் பொய் சொன்னதாக ஐம்பது வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அவன் நீந்தப் போகிறதற்கு முன்பே என் வழியை நான் வைத்துக்கொண்டுவிட்டேன்.

அதையும் அந்த வாசலில் சொன்னேன். தமிழில் சொல்லும்போது அதற்கு ஒளிந்துகொள்ள இடமே இல்லை.

அவன் கையிலிருந்த பேப்பரை இன்னொரு மடிப்பு மடித்தான்.

"இது எனக்குத் தெரியாது" என்றான். உள்ளே போய்விட்டான்.

அந்த அம்மாள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இன்னும் ஏதாவது பாக்கி இருக்கா?"

"இல்லீங்க."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

நான் நின்று யோசித்தேன். அவர் காத்திருந்தார், கடையில் நின்றவர்களும் காத்திருந்தார்கள். இல்லை என்று இரண்டாம் முறையும் சொன்னேன். அதன் பிறகுதான் அவர் கதவைச் சாத்தினார்.